திறப்பது வெளியிலிருந்து, மூடுவது உள்ளிருந்து: மெய்நிகர் கணினியின் கூடுதல் வட்டை வெளி வன்தட்டில் வைத்தல்

2018-19 கல்வியாண்டில் வந்த மேல்நிலை முதலாம் ஆண்டு கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் பாடமாக இடம்பெற்றது. ஆனால் பல பள்ளி ஆய்வகங்களில் எல்லாக் கணினிகளும் விண்டோஸில்தான் இயங்குகின்றன. அதனால் உபுண்டு பகுதியைத் திரையில் படம் காட்டியே நடத்தி முடிக்க வேண்டியிருக்கிறது. கோப்புறையை உருவாக்குவது, கோப்பை நகர்த்துவது, நீக்கியதை மீட்பது போன்றவை செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே மடிக்கணினியில் நிறுவித் தரப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டுமானால் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். வன்தட்டையும் முன்கூட்டியே இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும். பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் வன்தட்டைப் பிரிப்பது ஆபத்தான வேலை. ஆகவே ஆய்வகத்துக்கு மெய்நிகர் கணினியே பொருத்தமானது. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாளரத்துக்குள் உபுண்டுவும் இயங்கும்.

மெய்நிகர் கணினியை நிறுவியதும் வேறொரு கேள்வி எழும். மாணவர்கள் செய்யும் வேலை எங்கே சேமிக்கப்படுகிறது? எல்லாமே ஆய்வகக் கணினியின் உள் வன்தட்டில் உள்ள ஒரே பெரிய கோப்புக்குள் போய்விடுகிறது. அந்தக் கணினி பழுதாகி ஃபார்மட் செய்யப்பட்டால் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் அழிந்துவிடும். வீட்டில் கணினி இல்லாத மாணவிக்கு ஆய்வக வட்டுதான் செய்முறை நோட்டு. அந்த நோட்டு தொலைந்தால் அவளிடம் வேறு பிரதி இருக்காது. மாணவர் வேலைக்கென்று ஒரு கூடுதல் வட்டை உருவாக்கி, அதை வெளி வன்தட்டில் பாதுகாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
1. மெய்நிகர் வட்டு என்பது ஒரு கோப்பு என்பதை விளக்குவர்.
2. இயக்க அமைப்பையும் தரவையும் தனித்தனி வட்டில் வைப்பதன் காரணத்தைக் கூறுவர்.
3. வெளி வன்தட்டில் கூடுதல் வட்டை உருவாக்கி உபுண்டுவில் இணைப்பர்.
4. வட்டைப் பாதுகாப்பாகக் கழற்றும் வரிசையைத் தவறாமல் பின்பற்றுவர்.

மதிலுக்குள் மதில்

மெய்நிகர் கணினி புதிய கண்டுபிடிப்பு அன்று. ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு கணினி இருப்பதுபோலப் பயன்படுத்த வேண்டும் என்ற தேவையால் 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தில் இந்த எண்ணம் பிறந்தது. 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் அது வெளிவந்தது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் மெய்யான வட்டின் ஒரு துண்டை ஒதுக்கி, அதுவே முழு வட்டு என்று தோன்றும்படி செய்தனர். அந்தத் துண்டுக்கு மினிடிஸ்க் என்று பெயர். நாம் இன்று உருவாக்கும் மெய்நிகர் வட்டுக்கு அதுவே முன்னோடி.

இன்று பள்ளிகளில் எளிதாகப் பயன்படுத்தக்கூடியது விர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் இதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வசமும், 2010இல் ஆரக்கிள் வசமும் சென்றது. இதன் அடிப்படைத் தொகுப்பு இன்றும் ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது. எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்புக்குத் தனி உரிம நிபந்தனைகள் உண்டு. நம் முறைக்கு அது தேவையில்லை.

வகுப்பில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “சார், ஹார்டு டிஸ்க்குக்குள்ளே இன்னொரு ஹார்டு டிஸ்க் எப்படி சார் இருக்கும்?” திருச்சி மாணவர்களுக்கு இதை விளக்க ஸ்ரீரங்கத்தின் வரைபடம் ஒன்றே போதும். கோயிலைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெளிச் சுற்றுகளில் வீடுகள், கடைகள், பேருந்துகள் என ஊரே இருக்கிறது. உட்சுற்றுகளின் நடைமுறை வேறு. உள்ளே செல்ல வேண்டுமானால் வெளிவாசலைக் கடந்தே ஆக வேண்டும்.

மெய்நிகர் கணினியும் அப்படித்தான். வெளி மதில் விண்டோஸ் கணினி. இதை ஹோஸ்ட், அதாவது விருந்தளிப்பவர் என்கிறோம். அதனுள் விர்ச்சுவல்பாக்ஸ். அதற்கும் உள்ளே உபுண்டு. இது கெஸ்ட், அதாவது விருந்தினர். தன் வட்டு ஒரு முழு வன்தட்டு என்று உபுண்டு எண்ணிக்கொள்கிறது. விண்டோஸின் கண்ணுக்கு அது ஒரு கோப்பு மட்டுமே. அந்தக் கோப்பை வெளி வன்தட்டில் வைத்தால் இன்னும் ஒரு வாசல் கூடுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஒப்புமையிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. வாசல்களை வெளியிலிருந்து உள்ளே திறக்கிறோம். உள்ளிருந்து வெளியே மூடுகிறோம். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளிக்கதவை அடைப்பதில்லை. பாடம் முழுவதற்கும் இந்த ஒரு விதி போதும். இதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

ஏன் இரண்டு வட்டுகள்?

முழு மெய்நிகர் கணினியையும் வெளி வன்தட்டில் வைத்துவிடலாமே என்று ஒரு மாணவராவது கேட்பார். வைக்கலாம்; ஆனால் வேகம் குறையும். இயக்க அமைப்பு தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகப் படிக்கிறது. பழைய யு.எஸ்.பி. 2.0 துளையின் பெயரளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைத்தாலே அதிகம். யு.எஸ்.பி. 3.0 துளையில் பெயரளவு வேகம் 5 கிகாபிட். அதில்கூடச் சுழலும் வன்தட்டு சிறு கோப்புகளை மெதுவாகவே படிக்கும். 40 நிமிடப் பாடவேளையில் உபுண்டு திறக்கவே பத்து நிமிடம் போனால் பாடம் எப்போது நடத்துவது?

ஆகவே இயக்க அமைப்பு உள்ள வட்டு கணினிக்குள்ளேயே இருக்கட்டும். அது போனால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மாணவர் உழைப்பை மீண்டும் நிறுவ முடியாது. அதற்குத் தனி வட்டு வேண்டும். பெரிய கணினி அமைப்புகளிலும் இதே பிரிவினை உண்டு. துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதுபோன்ற மீக்கணினிகளில் கணக்கிடும் பகுதிகள் வேறு, தரவைச் சேமிக்கும் பகுதி வேறு. நம் ஊரிலேயே இருக்கும் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெளி வன்தட்டைப் பயன்படுத்த மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

முதல் வழி, பகிர்வுக் கோப்புறை. வெளி வன்தட்டில் உள்ள கோப்புறையை விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்து பயன்படுத்தும். ஆவணம், படம், பைத்தான் நிரல் ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால் லினக்ஸின் கோப்பு அனுமதிகள் அங்கே சரியாக நடவாது. மை எஸ்.க்யூ.எல். போன்ற தரவுத்தள மென்பொருளின் தரவை அதில் வைப்பது நல்லதல்ல.

இரண்டாம் வழி, வெளி வன்தட்டையே யு.எஸ்.பி. வழியாக உபுண்டுவிடம் ஒப்படைப்பது. அப்போது விண்டோஸால் அதைப் பயன்படுத்த முடியாது. ஒரு வன்தட்டை ஒரு மெய்நிகர் கணினிக்கே முழுவதுமாகக் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாம் வழி, வெளி வன்தட்டில் மெய்நிகர் வட்டுக் கோப்பை வைப்பது. உபுண்டுவுக்கு அது தனி வன்தட்டு. கோப்பு அனுமதிகள் முழுமையாக நடக்கும். விண்டோஸுக்கு அது ஒரு கோப்பு; நகலெடுக்கலாம். ஒரே வெளி வன்தட்டில் பல குழுக்களுக்குப் பல வட்டுகளை வைக்கலாம். பள்ளிக்கு ஏற்றது இதுவே.

தேவையானவை

• 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினி. அதில் பாதிக்கு மேல் மெய்நிகர் கணினிக்கு ஒதுக்க வேண்டாம். 4 ஜி.பி. மட்டுமே இருந்தால் உபுண்டுவுக்குப் பதில் லுபுண்டு போன்ற எளிய வகையை நிறுவலாம்.
• விர்ச்சுவல்பாக்ஸும், அதில் ஏற்கெனவே நிறுவிய உபுண்டுவும். இதற்கு உள் வன்தட்டில் 25 ஜி.பி. இடம் ஒதுக்குங்கள்.
• யு.எஸ்.பி. 3.0 வெளி வன்தட்டு. பென் டிரைவ் வேண்டாம். இடைவிடாத சிறு எழுத்துப் பணிகளில் அது மிக மெதுவாகும். விரைவில் தேயவும் செய்யும்.

இரண்டு நிருவாகக் குறிப்புகள். ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் தலைமையாசிரியரின் அனுமதி பெறாமல் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டாம். வெளி வன்தட்டைப் பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, யார் பொறுப்பில் உள்ளது என்பதையும் குறித்துவிடுங்கள்.

செய்முறை

முதல் நிலை: வெளி வன்தட்டைத் தயார் செய்தல்

வன்தட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பின் அளவு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. மெய்நிகர் வட்டு அதற்குள் அடங்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அந்த வரம்பு இல்லை. ஆனால் திடீரென மின்சாரம் நின்றால் தன்னைச் சரிசெய்துகொள்ள உதவும் ஜர்னல் என்ற குறிப்பேடு அதில் கிடையாது. ஆய்வகம் முழுதும் விண்டோஸ் என்றால் என்.டி.எஃப்.எஸ். முறையே நல்லது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும். ஆகவே முன்பே உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, வெளி வன்தட்டுக்கு ஆங்கில அகரவரிசையின் கடைசியில் உள்ள ஓர் எழுத்தைக் கொடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் வட்டுக் கோப்பை அதன் முழு முகவரியோடு நினைவில் வைத்திருக்கிறது. வேறொரு பென் டிரைவ் முதலில் செருகப்பட்டதால் எழுத்து மாறினால், கோப்பு இருந்தும் அதற்குத் தெரியாது. கடைசி எழுத்தை வேறு கருவிகள் எடுத்துக்கொள்வது அரிது.

இரண்டாம் நிலை: கூடுதல் வட்டை உருவாக்குதல்

1. மெய்நிகர் கணினி முழுவதும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.
2. விர்ச்சுவல்பாக்ஸில் அதைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ், பிறகு ஸ்டோரேஜ் பகுதிக்குச் செல்லுங்கள்.
3. சாட்டா கன்ட்ரோலர் வரியைத் தேர்ந்து, வன்தட்டைச் சேர்க்கும் சிறுபடத்தை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் கிரியேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. கோப்பு வகை வி.டி.ஐ. என இருக்கட்டும்.
5. இடத்தைக் கேட்கும்போது கவனம். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகக் காட்டுவது உள் வன்தட்டின் முகவரி. அதை மாற்றி, வெளி வன்தட்டில் உள்ள கோப்புறையைக் காட்டுங்கள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்தால் சிக்கல் குறையும்.
6. அளவு 20 ஜி.பி. போதும். முழு அளவையும் முன்பே ஒதுக்கும் கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால் கோப்பு சிறிதாகத் தொடங்கி, தரவு சேரச் சேர வளரும்.
7. உருவான வட்டைத் தேர்ந்து இணைத்து, ஓகே கொடுங்கள்.

வளரும் வட்டில் ஒரு கணக்கு உண்டு. ஐந்து வட்டுகளை 20 ஜி.பி. உச்ச அளவில் உருவாக்கினால் வெளி வன்தட்டில் 100 ஜி.பி. இடமாவது காலியாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் கோப்புகள் சிறிதாகத் தெரிவதை நம்பி வேறு எதையும் அதில் நிரப்பக் கூடாது. இடம் தீர்ந்தால் மெய்நிகர் கணினி நடுவில் நின்றுவிடும்.

மூன்றாம் நிலை: உபுண்டுவில் இணைத்தல்

உபுண்டுவைத் தொடங்குங்கள். புதிய வட்டு இப்போது வெற்று மனை. வேலி போட்டு, பெயர்ப்பலகை வைக்க வேண்டும்.

1. உபுண்டுவில் உள்ள டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 20 ஜி.பி. வட்டைத் தேர்ந்தெடுங்கள். அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.
2. வட்டை ஃபார்மட் செய்து, ஜி.பி.டி. வகையைத் தேர்வு செய்யுங்கள்.
3. கூட்டல் குறியை அழுத்திப் புதிய பகுதியை உருவாக்குங்கள். வகை இ.எக்ஸ்.டி.4. அதற்கு ஒரு பெயரும் கொடுங்கள். இந்தப் பெயர் பிறகு பயன்படும்.
4. முக்கோணக் குறியை அழுத்தி வட்டை இணையுங்கள். புதிய பகுதியின் உரிமை நிருவாகப் பயனரிடம் இருக்கும். மாணவர் எதையும் எழுத முடியாது. பல்சக்கரக் குறியின் பட்டியலில் டேக் ஓனர்ஷிப் என்பதைத் தேர்ந்தால் உரிமை மாறும்.
5. அதே பட்டியலில் மவுன்ட் ஆப்ஷன்ஸ் திருத்தும் பகுதிக்குச் சென்று, கணினி தொடங்கும்போதே வட்டு இணையும்படி அமையுங்கள். இணையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். வட்டை அடையாளம் காணும் முறையில் லேபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் நோஃபெயில் என்ற சொல்லை நீக்க வேண்டாம். அது இருந்தால்தான் வட்டு இல்லாதபோதும் உபுண்டு தடையின்றித் தொடங்கும்.

கழற்றும் வரிசை

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இந்த வரிசை தொடங்க வேண்டும்.

1. உபுண்டுவில் திறந்துள்ள கோப்புகளைச் சேமித்து மூடு.
2. உபுண்டுவுக்குள்ளிருந்தே பவர் ஆஃப் கொடு.
3. விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தை மூடு.
4. விண்டோஸில் பாதுகாப்பாக அகற்றும் குறியை அழுத்து.
5. வன்தட்டின் விளக்கு அணைந்ததும் கம்பியைக் கழற்று.

உள்ளிருந்து வெளியே என்ற விதி இதுதான். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் வெளி வன்தட்டை உடனே கழற்ற ஏற்ற அமைப்பே இயல்பாக உள்ளது, நான்காம் படி எதற்கு என்று விவரமறிந்த மாணவர் கேட்கக்கூடும். அந்த அமைப்பு விண்டோஸ் தேக்கி வைக்கும் தரவுக்கு மட்டும் பொருந்தும். உபுண்டு தன் நினைவகத்தில் தேக்கி வைத்திருப்பது விண்டோஸுக்குத் தெரியாது. மெய்நிகர் கணினி இயங்கும்போது கம்பியை இழுப்பது, ஓடும் கணினியிலிருந்து வன்தட்டைப் பிடுங்குவதற்குச் சமம்.

இரண்டாம் படியிலும் ஒரு பொறி இருக்கிறது. சாளரத்தை மூடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் மூன்று தேர்வுகளைக் காட்டும். அவற்றில் சேவ் ஸ்டேட் என்பது கணினியை அப்படியே உறைய வைத்து, நினைவகத்தை உள் வன்தட்டில் எழுதிவைக்கும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால் மாணவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் உறைந்த நினைவகத்தில் வட்டின் நேற்றைய நிலை பதிந்திருக்கிறது. இடையில் வெளி வன்தட்டை வேறொரு கணினியில் செருகி ஏதாவது எழுதிவிட்டால், விழித்தெழும் உபுண்டு பழைய நிலையை நம்பி எழுதத் தொடங்கும். வட்டு சிதைந்துபோகும். வெளி வன்தட்டு இணைந்திருந்தால் பவர் ஆஃப் மட்டுமே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்நாப்ஷாட் எடுக்கும் முன்

ஸ்நாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் அன்றைய நிலையைக் குறித்து வைக்கும் வசதி. மாணவர் எதையாவது கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதால் ஆய்வகத்தில் இது மிகவும் பயனுள்ளது. ஆனால் ஸ்நாப்ஷாட் எடுத்ததும், அதன் பிறகு எழுதப்படும் எல்லாம் வேறுபாட்டுக் கோப்பு என்ற தனிக் கோப்புக்குப் போகும். அந்தக் கோப்பு இயல்பாக உள் வன்தட்டில்தான் உருவாகும்.

விளைவு என்ன? மாணவர் வெளி வன்தட்டில் எழுதுவதாக எண்ணிக்கொண்டிருப்பார். தரவோ உள் வன்தட்டில் சேர்ந்துகொண்டிருக்கும். வெளி வன்தட்டை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பழைய வேலை மட்டுமே இருக்கும். ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் மாணவரின் பின்னைய வேலையும் சேர்ந்தே போய்விடும்.

இதைத் தவிர்க்க, ஸ்நாப்ஷாட் எதுவும் எடுப்பதற்கு முன்பே விர்ச்சுவல்பாக்ஸின் மீடியா மேனேஜரில் கூடுதல் வட்டின் வகையை ரைட்த்ரூ என்று மாற்றுங்கள். மாற்ற அனுமதிக்காவிட்டால், வட்டைக் கணினியிலிருந்து விடுவித்து, வகையை மாற்றி, மீண்டும் இணையுங்கள். பிறகு எத்தனை ஸ்நாப்ஷாட் எடுத்தாலும் அந்த வட்டை அது தொடாது. இயக்க அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும். மாணவர் வேலை இருந்தபடியே இருக்கும்.

சிக்கல்களும் தீர்வுகளும்

மெய்நிகர் கணினி தொடங்க மறுக்கிறது: வெளி வன்தட்டு செருகப்படவில்லை, அல்லது எழுத்து மாறிவிட்டது. முதலில் செருகி, எழுத்தைச் சரிசெய்து, மீடியா மேனேஜரைப் புதுப்பியுங்கள். அன்று வன்தட்டே இல்லையென்றால் ஸ்டோரேஜ் பகுதியில் அந்த வட்டை நீக்கிவிட்டுத் தொடங்கலாம். அங்கே நீக்குவது இணைப்பை மட்டுமே, கோப்பு அழியாது.

நகலெடுத்த வட்டை ஏற்க மறுக்கிறது: ஒவ்வொரு வி.டி.ஐ. கோப்பிலும் ஒரு தனி அடையாள எண் பதிந்திருக்கும். விண்டோஸில் நகலெடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்து நகலாகும். ஒரே எண்ணுள்ள இரண்டை விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்காது. இரண்டையும் ஒரே கணினியில் பயன்படுத்த வேண்டுமென்றால் மீடியா மேனேஜரில் உள்ள காப்பி வசதியால் நகலெடுங்கள். புதிய எண் கிடைக்கும்.

பாடவேளை நடுவில் வட்டு மறைகிறது: விண்டோஸ் தூக்க நிலைக்குப் போயிருக்கலாம். ஆய்வகக் கணினியில் தூக்க நிலையை நிறுத்தி வையுங்கள்.

மின்தடைக்குப் பிறகு: மீண்டும் அதே விதி. முதலில் வெளி மதில். விண்டோஸில் வெளி வன்தட்டின் பிழைச் சோதனையை நடத்துங்கள். அது முடிந்த பிறகே உபுண்டுவைத் தொடங்குங்கள், இ.எக்ஸ்.டி.4 தன் ஜர்னலைக் கொண்டு உள்ளே இருப்பதைச் சரிசெய்துகொள்ளும். வெளிக் கோப்பு பழுதாக இருக்கும்போதே உள்ளே திருத்தப் போனால் சேதம் கூடும்.

ஒரு வன்தட்டு, ஐந்து குழுக்கள்

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வெளி வன்தட்டு என்பது அரசுப் பள்ளியில் நடக்காது. ஒன்று கிடைத்தால் போதும். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வட்டுக் கோப்பு உருவாக்குங்கள். ஐந்து வட்டுகளையும் உபுண்டுவில் ஒரே லேபிள் கொடுத்து ஃபார்மட் செய்யுங்கள். எந்தக் குழுவின் வட்டை இணைத்தாலும் அது அதே இடத்தில் திறக்கும். ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வட்டை மட்டும் இணைக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு குழு என்று முறை வைக்கலாம்.

சேமிக்க உண்மையான தரவு இருந்தால்தான் அதைக் காக்கும் அக்கறையும் வரும். ஸ்ரீரங்கம் பகுதிப் பள்ளிக்கு ஐந்து தலைப்புகள்:

1. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியவற்றில் உள்ள பொதுக் கட்டடங்களின் பட்டியல்.
2. முக்கொம்பில் பிரியும் காவிரி, கொள்ளிடம் இரண்டிலும் நீர்வரத்து பற்றி நாளிதழ்களில் வரும் அளவுகள்.
3. சத்திரம் பேருந்து நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் வரும் 1ஆம் எண் பேருந்தின் நிறுத்தங்களும், நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட பயண நேரமும்.
4. பள்ளி வளாக மரங்களின் பெயர், சுற்றளவு.
5. பள்ளியில் மழைமானி வைத்து அளந்த மழையளவு.

பதினொன்றாம் வகுப்பினர் இவற்றை அட்டவணையாகச் சேர்க்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் கற்கும்போது அதே தரவின் மீது வினவல்கள் எழுதட்டும். ஓராண்டு தாண்டியும் தரவு நிற்க வேண்டும் என்ற தேவை அப்போது அவர்களுக்கே புரியும். தொலைபேசி எண், எமிஸ் விவரம் போன்ற தனிப்பட்ட தகவல்கள் இந்த வட்டில் இடம்பெறக் கூடாது. கையில் எடுத்துச் செல்லும் பொருள் தொலைந்து போகவும் கூடும்.

வெளி வன்தட்டு காப்பு நகல் ஆகாது

கணினியிலிருந்து வெளியே எடுத்துவிட்டதால் தரவு பாதுகாப்பாகிவிட்டது என்று மாணவர்கள் எண்ணுவார்கள். வெளி வன்தட்டு மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால் ஐந்து குழுக்களின் வேலையும் ஒன்றாகப் போகும். இடத்தை மாற்றியிருக்கிறோம், பிரதி இன்னும் ஒன்றுதான். மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறிடத்தில் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. பள்ளியில் குறைந்தது இதையாவது செய்யலாம்: வெள்ளிக்கிழமைதோறும் மெய்நிகர் கணினியை நிறுத்திய பிறகு, ஐந்து கோப்புகளையும் தலைமையாசிரியர் அறைக் கணினியில் நகலெடுத்து, தேதியுடன் பெயரிடுவது. மெய்நிகர் கணினி இயங்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய பக்கம்போல, நம்ப முடியாதது.

வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய உள்ளூர் விடுமுறை, அரையாண்டு விடுமுறை, கோடை விடுமுறை ஆகியவற்றுக்கு முன்பு கட்டாயம் ஒரு நகல் எடுங்கள். எடுத்த நகலை ஒருமுறை வேறு கணினியில் இணைத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி இருக்கக் கூடாது.

மதிப்பீடு

1. 500 ஜி.பி. வெளி வன்தட்டில் 400 ஜி.பி. நிரம்பியுள்ளது. 20 ஜி.பி. உச்ச அளவுள்ள எத்தனை வளரும் வட்டுகளைப் பாதுகாப்பாக உருவாக்கலாம்?
2. வெளி வன்தட்டில் நிறைய இடம் இருந்தும், ஒரு வட்டுக் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் வளர மறுக்கிறது. காரணம் என்ன?
3. கழற்றும் வரிசையின் ஐந்து படிகளைக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்லுதல்.
4. ஸ்நாப்ஷாட் எடுத்த கணினியிலிருந்து வெளி வன்தட்டை வேறிடம் கொண்டுசென்றால் புதிய வேலை அதில் இல்லை. எங்கே போயிருக்கும்?
5. பகிர்வுக் கோப்புறை, கூடுதல் வட்டு: நிழற்படத் தொகுப்புக்கு எது, தரவுத்தளத்துக்கு எது? காரணம் கூறுக.

மூன்றாம் வினாவைச் செயலாகவே நடத்துங்கள். ஐந்து மாணவர்கள் ஆளுக்கொரு படியின் அட்டையைப் பிடித்து வரிசையில் நிற்கட்டும். தவறான இடத்தில் நிற்பவரை மற்றவர்கள் காரணம் சொல்லி மாற்றட்டும்.

கல்லூரியிலோ பணியிடத்திலோ நம் மாணவர்கள் சந்திக்கப்போகும் மென்பொருள்கள் வேறாக இருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸின் பொத்தான்கள் இடம் மாறலாம். இயக்க அமைப்பையும் தரவையும் பிரித்து வைக்கும் பழக்கமும், உள்ளிருந்து வெளியே மூடும் ஒழுங்கும் எங்கும் செல்லும். வரும் வாரம் உங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில் ஒரே ஒரு கூடுதல் வட்டுடன் தொடங்குங்கள். முதல் வெள்ளிக்கிழமையின் காப்பு நகலை மாணவர் ஒருவரையே எடுக்கச் செய்யுங்கள்.